சோர்ந்துபோன ஆசிரியர், ஒதுங்கி நிற்கும் மாணவர்கள்: எங்கிருந்து தொடங்குவது? ஒரு முழுமையான வழிகாட்டி

அரையாண்டுத் தேர்வு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒன்பதாம் வகுப்புக் கணித விடைத்தாள் கட்டு, சுற்றிய சணல்கூட அவிழ்க்கப்படாமல் எங்கள் பள்ளிக் கணித ஆசிரியையின் மேசையில் கிடந்தது. 11 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் கணிதம் நடத்தியவர் அவர். "பிரிக்கவே கை வரவில்லை சார். உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்" என்றார்.

நான் அப்போது சொன்னது இதுதான்: "உங்களைப் போல் யார் நடத்துவார்கள் டீச்சர்? எல்லாம் சரியாகிவிடும்." அவர் சிரித்தார், கட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் மருத்துவ விடுப்புக்கு விண்ணப்பித்தார்.

ஆறுதல் வார்த்தை ஏன் அவரைத் தொடவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்பதை 1977-இல் ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் நான்கு ஊற்றுகளாகப் பிரித்துக் காட்டினார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து முடித்ததைக் கண்ணால் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடலும் மனமும் இருக்கும் நிலை ஆகியவை அவை. இவற்றுள் மிக வலியது முதலாவது. நாமோ எப்போதும் மூன்றாவதையே கையில் எடுக்கிறோம். சோர்ந்த ஆசிரியரிடமும் அதைத்தான் செய்கிறோம், கணக்கு வராத மாணவனிடமும் அதைத்தான் செய்கிறோம்.

அந்த ஆசிரியை மீண்டு வந்தார். அவர் வகுப்பும் மீண்டது. இரண்டும் தனித்தனியாக நடக்கவில்லை, ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிட்டது. அதற்கு நாங்கள் செய்தவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். தலைமையாசிரியரும், பக்கத்து வகுப்பில் இருக்கும் நண்பரும், சோர்ந்திருக்கும் ஆசிரியருமே இதைப் பயன்படுத்தலாம்.

படி 1: அறிவுரையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்

ஆசிரியர் அறையில் வைத்து இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டாம். அங்கே ஒருவர் வாய் திறந்தால், "எங்கள் காலத்தில் எல்லாம்..." என்று இன்னொருவர் தொடங்கிவிடுவார். பள்ளி விட்ட பிறகு பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடங்கள். அல்லது மைதானத்து வேப்பமரத்தடியில் உட்காருங்கள். மூன்று கேள்விகள் போதும்.

"கடைசியாக எந்த வகுப்பை முடித்துவிட்டு மகிழ்ச்சியாக வெளியே வந்தீர்கள்?"

"எந்தப் பாடவேளைக்குப் போகும்போது கால் பின்னுக்கு இழுக்கிறது?"

"உங்களிடமிருந்து ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம் என்றால் எதை எடுக்க?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர நேரமாகும். முதல் கேள்விக்கு எவ்வளவு யோசித்தும் ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை என்றால், சோர்வு நேற்று வந்ததில்லை என்று பொருள். இரண்டாவது கேள்வி மிகவும் உதவியானது. "எதுவுமே சரியில்லை" என்று தொடங்கியவர், யோசித்துப் பார்த்து "ஒன்பது பி, வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை" என்பார். மலையாகத் தெரிந்தது ஒரு வகுப்பாகச் சுருங்குகிறது. மூன்றாவதற்கு வரும் பதில் பெரும்பாலும் கற்பித்தலாக இருக்காது. எமிஸ் எனும் கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், உதவித்தொகைக்காக வங்கிக் கணக்கையும் ஆதாரையும் சரிபார்ப்பது, ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் நிரப்புவது என்றுதான் வரும்.

அவர் மாணவர்களை எந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார் என்பதையும் கவனியுங்கள். 'பிள்ளைகள்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் 'இதுகள்' என்று சொல்லத் தொடங்கியிருந்தால், அது பண்புக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். பணிச் சோர்வை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று முகங்களைச் சொன்னார்: உள்ளம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர்களை மனிதர்களாகப் பார்க்க முடியாமல் விலகுவது, எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். அந்த 'இதுகள்' இரண்டாவது முகம். தாங்க முடியாதவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் விலகல் அது. அப்போது அவருக்குத் தேவை கண்டிப்பில்லை, துணை.

தூக்கம், பசி இரண்டும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, வாழ்வதே வீண் என்ற பேச்சு வந்தாலோ, இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

படி 2: ஒரு சுமையை உண்மையாகவே இறக்கிவையுங்கள்

இது தலைமையாசிரியரின் வேலை. மூன்றாவது கேள்விக்குக் கிடைத்த பதிலில் ஒன்றை, ஒரு பருவத்துக்காவது, வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்வி சாராத பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. பள்ளிக்குள்ளேயே குவியும் எழுத்து வேலைக்கு அந்தச் சட்டம் வந்து கை கொடுக்காது. அதைப் பங்கிடுவது பள்ளியின் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தேர்ச்சி விகிதத்தை வைத்து ஓர் ஆசிரியரைக் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைக்காதீர்கள். நிற்கவைக்கப்பட்டவர் மறுநாள் வகுப்பில் யாரை நிற்கவைப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

படி 3: பிள்ளைகள் உண்மையில் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி என்பேன். பலர் இதைத் தாண்டிவிட்டு, ஊக்க உரைக்கும் பரிசுப் பொருளுக்கும் போய்விடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. அது சரியான கொள்கை என்றே நினைக்கிறேன். நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளை கற்றதைவிடப் பள்ளியை விட்டு நின்றதுதான் அதிகம். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் விட்டுப்போனதை யாராவது நிரப்பியிருக்க வேண்டும். நிரப்பாவிட்டால் அத்தனையும் சேர்ந்து ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரின் மேசைக்கு வருகிறது. பின்னம் தெரியாத பிள்ளைக்குக் காரணிப்படுத்துதல் நடத்துகிறோம். அவன் ஜன்னலைப் பார்க்கிறான். "ஆர்வமே இல்லை" என்று எழுதிவைக்கிறோம்.

மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பாடங்களிலிருந்து பத்துக் கணக்குகள் எடுத்துக்கொள்ளுங்கள். "இதற்கு மதிப்பெண் கிடையாது, எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்" என்று சொல்லிக் கொடுங்கள். திருத்தும்போது சரி, தவறு என்று போடாதீர்கள். ஒரே மாதிரித் தவறுகளை ஒரே அடுக்கில் வையுங்கள்.

எங்கள் தாளில் 503-இலிருந்து 267-ஐக் கழிக்கும் கணக்கு ஒன்று இருந்தது. விடை 236. 38 பேரில் 9 பேர் 364 என்று எழுதியிருந்தார்கள். ஒன்பது பேர் எப்படி ஒரே தவறான விடைக்கு வந்தார்கள்? பார்த்து எழுதினார்கள் என்றுதான் ஆசிரியை முதலில் நினைத்தார். பிறகு தாளை உற்றுப் பார்த்தார். 5-இல் 2 போனால் 3. 0-க்கும் 6-க்கும் வித்தியாசம் 6. 3-க்கும் 7-க்கும் வித்தியாசம் 4. எது மேலே, எது கீழே என்று பாராமல், பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறார்கள். 'பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க முடியும்' என்று என்றோ கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டவர்கள்.

"இவர்கள் ஏனோதானோ என்று எழுதவில்லை சார். இவர்களிடம் ஒரு விதி இருக்கிறது. தப்பான விதி" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரலில் ஒரு துடிப்பைக் கேட்டேன். சலிப்பு இருந்த இடத்தில், 'அடுத்த அடுக்கில் என்ன இருக்கிறது' என்ற ஆவல் வந்திருந்தது. ஓர் ஆசிரியரை மீட்டெடுக்கும் கணம் இப்படித்தான் வரும். மாணவனின் தவறு அவரை அவமதிப்பதாகத் தோன்றாமல், அவிழ்க்க வேண்டிய முடிச்சாகத் தோன்றும்.

முடிச்சை அவிழ்க்கும் வழியும் தவறுக்குள்ளேயே இருக்கிறது. 503-ஐப் பணமாக வைத்தோம்: தாளில் செய்த ஒரு 500 ரூபாய் நோட்டு, மூன்று ஒரு ரூபாய். கடையில் 267 ரூபாய் கொடுக்க வேண்டும். நோட்டை மாற்றாமல் எப்படிக் கொடுப்பது? பிள்ளைகளே மாற்றினார்கள். நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒரு ரூபாய். 'கடன் வாங்குவது' என்று ஆண்டுக்கணக்கில் மனப்பாடமாக இருந்தது, சில்லறை மாற்றுவதாகக் கைக்கு வந்தது.

அடுத்த அடுக்கு இன்னும் பெரியது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று 21 பேர் எழுதியிருந்தார்கள். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருந்தார்கள். மீச்சிறு பொது மடங்கைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "அரைத் தோசை வைத்திருக்கிறாய். இன்னும் கொஞ்சம் தோசை போடுகிறேன். உன் தட்டில் அரைத் தோசையைவிடக் குறைந்து போகுமா?" ஐந்தில் இரண்டு பாதியைவிடக் குறைவு என்று பிள்ளைகளுக்கே உறைத்தபோது வகுப்பில் எழுந்த சத்தம், பக்கத்து வகுப்பில் இருந்த எனக்குக் கேட்டது.

தமிழ் ஆசிரியராக இருந்தால் ஒரு பத்தியைத் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உயிர்மெய் எழுத்தில் தடுக்குகிறதா, ஒற்றெழுத்தில் தடுக்குகிறதா, வாசித்தும் பொருள் பிடிபடவில்லையா என்று அடுக்குங்கள். ஆங்கிலத்துக்கும் இதே வழிதான்.

படி 4: நாளுக்கு 15 நிமிடம், மூன்று வாரம்

எல்லா வகுப்பையும் திருத்தப் புறப்பட வேண்டாம். கால் பின்னுக்கு இழுத்த அந்த ஒரு வகுப்பு மட்டும். 45 நிமிடப் பாடவேளையில் முதல் 15 நிமிடம் மட்டும்.

முதல் கணக்கு, வகுப்பில் உள்ள அத்தனை பேராலும் போட முடிந்ததாக இருக்கட்டும். அடுத்தது ஒரு சிறு ஏற்றம். மூன்றாவது அன்றைய முடிச்சு. ஆளுக்கு ஒரு சிலேட்டு கொடுங்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதித் தூக்கிக் காட்டட்டும். ஒருவனை எழுப்பிக் கேட்டால் ஒருவன் சிந்திக்கிறான், மற்ற 37 பேர் தப்பித்த நிம்மதியில் இருக்கிறார்கள். சிலேட்டில் எழுதிய தவறு ஒரு துடைப்பில் போய்விடும் என்பதால் பயமும் குறைகிறது.

கேள்வி கேட்டதும் மூன்று நொடி வாய் திறக்காதீர்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை. காத்திருப்பை மூன்று நொடியாக்கியதும் விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். செலவே இல்லாத மாற்றம் இது. ஆனால் பழகுவது கடினம். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித்தான் நான் பழகினேன்.

"பாடம் முடியாதே" என்ற கவலை எழும். நியாயமான கவலைதான். ஆனால் பாதிப் பேருக்குப் புரியாமல் நடத்திய பாடத்தை முடிந்ததாக எப்படி எண்ணுவது? மூன்று வாரத்தில் இழக்கும் நேரம் திரும்பக் கிடைக்கிறது, ஏனென்றால் அதன் பிறகு ஒவ்வொரு வரிக்கும் நின்று விளக்க வேண்டியிருக்காது.

படி 5: பாராட்டு, பரிசு, தண்டனை

பாராட்டு செய்த செயலைச் சுட்ட வேண்டும். "கெட்டிக்காரி" என்று சொல்வதைவிட, "விடை பெரிதாக வந்ததும் நீயே சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தாய்" என்று சொல்லுங்கள். 1998-இல் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், அறிவைப் புகழப்பட்டவர்கள் அடுத்து வந்த கடினமான புதிர்களில் தோற்றதும் விரைவில் மனம் தளர்ந்தார்கள். முயற்சியைப் புகழப்பட்டவர்கள் விடாமல் தொடர்ந்தார்கள்.

பரிசில் கவனம் தேவை. 1973-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படம் வரைய ஏற்கனவே ஆசையாக இருந்த மழலைகளிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவேன்" என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். பிறகு பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. பேனாவும் டிபன் பாக்ஸும் ஆண்டு விழாவில் கொடுங்கள். அன்றாடக் கணக்குக்கு விலை வைக்காதீர்கள்.

அடிப்பதையும் அவமானப்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. 'மெல்லக் கற்போர்' என்பது பதிவேட்டுச் சொல். அதைப் பிள்ளைகளின் காதுபடச் சொல்வதும், அவர்களை ஒரே பெஞ்சில் உட்காரவைப்பதும் அவமானத்தில்தான் சேரும்.

படி 6: ஒரு பிள்ளை, இரண்டு நிமிடம், பத்து நாள்

வகுப்பிலேயே உங்களை மிகவும் சோதிக்கும் ஒருவனைத் தேர்ந்தெடுங்கள். பத்துப் பள்ளி நாட்களுக்கு, நாளுக்கு இரண்டு நிமிடம் அவனிடம் பேசுங்கள். பாடம், மதிப்பெண், ஒழுக்கம் மூன்றைப் பற்றியும் பேசக்கூடாது.

ஒன்பது பியில் கடைசிப் பெஞ்சில் தூங்கிக்கொண்டே இருந்த ஒருவன் இருந்தான். முதல் மூன்று நாள் "ம்" மட்டும்தான். நான்காம் நாள் அவன் வீட்டு ஆடு குட்டி போட்டிருந்தது. இரண்டு குட்டி. ஆறாம் நாள், விடிகாலை மூன்று மணிக்கு அப்பாவுடன் பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிறான் என்பது தெரிந்தது. அவன் கூடைக்கணக்கும் முழக்கணக்கும் மனத்தாலேயே போடுகிறவன். எட்டாம் நாள் ஆசிரியை ஒரு பூக்கணக்கைக் கரும்பலகையில் எழுதினார். அவன் விடை சொன்னான், எப்படி வந்தது என்றும் சொன்னான். மதியத் தூக்கம் அதன் பிறகும் இருந்தது. ஆனால் அது திமிர் இல்லை என்று ஆசிரியைக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

முடிந்தால் ஒரு முறை வீட்டுக்குப் போய்வாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் தாயைப் பகலில் பள்ளிக்கு அழைத்தால் ஒரு நாள் கூலி போகும். மாலையில் போங்கள். பிள்ளை செய்த நல்லது ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள், குறைகளை இன்னொரு நாள் பேசலாம்.

படி 7: பாதையைக் காட்டுங்கள், கைக்கெட்டும் தூரத்தில்

"கலெக்டர் ஆகலாம்" என்ற பேச்சு, இன்றைய கணக்கே வராத பிள்ளைக்கு எட்டுவதில்லை. அடுத்த படிக்கட்டைக் காட்டுங்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற தேசிய உதவித்தொகைத் தேர்வில் தேர்ந்தெடுக்கப்பட்டால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது, அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தரப்படுகிறது.

இவற்றை நீங்கள் சொல்வதைவிட, அதே தெருவிலிருந்து கல்லூரிக்குப் போகும் அக்கா ஒருத்தி வந்து சொல்லட்டும். எந்தப் பஸ்ஸில் போகிறாள், முதல் பருவத்தில் எந்தப் பாடத்தில் தவறினாள், பிறகு எப்படித் தேறினாள் என்று பேசட்டும். பண்டுரா சொன்ன இரண்டாவது ஊற்று அதுதான்.

படி 8: வெள்ளிக்கிழமை நோட்டு

40 பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு வெள்ளியும் பத்து நிமிடம். சராசரி மதிப்பெண்ணை அதில் எழுத வேண்டாம், அது மெதுவாகவே நகரும், மனத்தையும் உடைக்கும். மூன்று எண்களை மட்டும் எழுதுங்கள்: கணக்கைத் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர், தாமாகக் கேள்வி கேட்டவர்கள் எத்தனை பேர், குறிப்பிட்ட அந்தத் தவறை இன்னும் செய்பவர்கள் எத்தனை பேர். எங்கள் நோட்டில் 364 என்று எழுதியவர்கள் மூன்று வாரத்தில் 9-இலிருந்து 2 ஆனார்கள். பின்னத்தில் 21 பேர் 13 ஆனார்கள், அதற்குக் கீழே எளிதில் இறங்கவில்லை. 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற எண்ணத்துக்கு எதிராக ஆசிரியையின் கையெழுத்திலேயே சாட்சி சேர்ந்துகொண்டிருந்தது.

நண்பராக நீங்கள் செய்யக்கூடியது, வாரம் ஒரு பாடவேளை அந்த வகுப்பின் பின்னால் போய் உட்காருவது. ஆசிரியரை மதிப்பிட வேண்டாம், பிள்ளைகளை மட்டும் பாருங்கள். எந்தக் கணத்தில் எத்தனை முகம் நிமிர்ந்தது என்று குறித்து அவரிடம் கொடுங்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பியிருப்பவருக்கு அது தெரியாது. அடுத்த மாதம் உங்கள் வகுப்புக்கு அவர் வரட்டும், அப்போதுதான் உதவி ஒருவழியாக இருக்காது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போதும் அந்தத் தவறு அடுக்குகளை எடுத்துப் போங்கள். பக்கத்துப் பள்ளியிலும் அதே 364 இருப்பது தெரியும்போது தனிமை பாதி குறைகிறது.

நான்காவது வாரம் ஒரு சரிவு வரும். மழை விடுமுறையோ, திருவிழாவோ, தேர்வோ குறுக்கிடும். திரும்பி வந்தால் பழைய தவறு தலைகாட்டும். அதை முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் "பார்த்தீர்களா, இதுவும் பயனில்லை" என்று பழைய இடத்துக்கே போய்விடுவார். மூன்றாவது வாரத்துக்கான தாளை மீண்டும் கொடுத்துப் பாருங்கள். மறந்ததை இரண்டாம் முறை கற்க முதல் முறைக்கு ஆன நேரம் ஆகாது. ஆறு வாரம் கழித்தும் எண்கள் நகரவே இல்லை என்றால் எடுத்த முடிச்சு பெரியது, ஒரு வகுப்புக் கீழே இறங்கிச் சிறியதாக எடுங்கள்.

ஏப்ரல் கடைசியில் அந்த நோட்டை, ஜூன் மாதம் இதே பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு எடுக்கப்போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் ஆசிரியை அப்படித்தான் கொடுத்தார். யார் கழித்தலைத் திருத்திக்கொண்டார்கள், யாருக்குப் பின்னம் இன்னும் பாக்கி, மதியத்தில் யாரை எழுப்பாமல் விட வேண்டும், யாரிடம் ஆட்டுக்குட்டிகளைப் பற்றிக் கேட்டால் பேசத் தொடங்குவான் என்று கடைசி இரண்டு பக்கத்தில் எழுதியிருந்தார்.